புதுக் கீபோர்டு ஏன் பேசவில்லை?

ஒரு கீபோர்டு என்ன விலை இருக்கும்? சில நூறு ரூபாய். அந்தச் சில நூறு ரூபாய்ச் சாமானுக்காக ஓர் எடைமேடை நாள் முழுவதும் நின்றுபோகும் என்றால் நம்புவீர்களா?

நம்பத்தான் வேண்டும்!

பல்லடம் சாலையிலோ பொள்ளாச்சி சாலையிலோ போகும்போது, ஓரமாக எடைமேடைகளைப் பார்த்திருப்பீர்கள். தேங்காய் லாரி வரும். கோழித் தீவன லாரி வரும். பஞ்சு வரும். பழைய இரும்பு வரும். லாரி மேடையில் ஏறி நிற்கும். பக்கத்தில் ஒரு சின்ன அறை. அதற்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர். லாரியின் எடை அதில் தெரியும். லாரி நம்பரைத் தட்டினால், "கர்ர்... கர்ர்..." என்று பிரிண்டர் ரசீது அடிக்கும்.

நம்பரைத் தட்டுவதற்கு வேண்டியது கீபோர்டு. பல வருஷம் விரல் பட்ட கீபோர்டு. எழுத்துக்கள் தேய்ந்து போயின. தூசி விழுந்தது. டீ சிந்தியது. ஒரு நாள் 7 விழவில்லை. மறுநாள் எதுவுமே விழவில்லை. எடைமேடைக்காரர் காந்திபுரத்துக்குப் போகிறார். பளபளவென்று ஒரு புதுக் கீபோர்டு வாங்கி வருகிறார். மாட்டுகிறார். தட்டுகிறார்.

ஊஹும்! ஓர் எழுத்துக்கூட விழவில்லை.

மறுபடியும் கடைக்கு ஓடுகிறார்.

"ஏனுங் தம்பி, நீங்க குடுத்த கீபோர்டு வேலை செய்யலீங்களே?"

"இங்கயே மாட்டிப் பாத்துத்தானுங்ணா குடுத்தோம். உங்க கம்ப்யூட்டர் ரொம்பப் பழசுங்ணா. அதையே மாத்திப்போடுங்."

இப்படிப்பட்ட பேச்சை எந்தக் கடை வாசலிலும் கேட்கலாம். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. கீபோர்டு நல்ல கீபோர்டு. கம்ப்யூட்டரும் நல்ல கம்ப்யூட்டர். அப்படியானால் தகராறு எங்கே?

அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். ஏனென்றால், கீபோர்டு பேசவில்லை என்பதற்காகக் கம்ப்யூட்டரையே தூக்கிப் போடுகிறவர்கள் பல பேர். அவர்களில் பாதிப் பேராவது அவசரப்பட்டவர்கள் என்பது என் எண்ணம்.

கிழவரை ஏன் வைத்திருக்கிறார்கள்?

"பழசுதானே? புதுசு வாங்கினால் போயிற்று!" என்று நீங்கள் சொல்லக்கூடும்.

வீட்டில் அது சரி. தொழில் நடக்கிற இடத்தில் அவ்வளவு சுலபம் இல்லை. எடைமேடைக் கம்ப்யூட்டரின் முதுகைப் பாருங்கள். எடை காட்டும் கருவியிலிருந்து வருகிற கம்பி, சீரியல் போர்ட் என்கிற பழைய வாயில் மாட்டியிருக்கும். பிரிண்டரின் அகலமான பிளக் வேறொரு பழைய வாயில் மாட்டியிருக்கும். இன்று கடையில் கிடைக்கும் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் இந்த இரண்டு வாயும் கிடையாது. உள்ளே ஓடுகிற புரோகிராமும் பழசு. எழுதிக் கொடுத்தவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ!

பீளமேடு, கணபதிப் பக்கத்துப் பட்டறைகளுக்குப் போனாலும் இதே கதைதான். கம்ப்யூட்டர் சொற்படி இரும்பைக் கடைகிற லேத் இருக்கும். லேத்துக்கு இன்னும் நல்ல ஆயுசு பாக்கி இருக்கும். அதற்குக் கட்டளையிடுகிற கம்ப்யூட்டர் மட்டும் கிழவர் ஆகியிருப்பார். கிழவரை மாற்றினால் லேத்தையே மாற்ற வேண்டியது வரும். திருப்பூரில் பூவேலை செய்கிற எம்பிராய்டரி மெஷின்களுக்கும் இப்படிப்பட்ட பழைய துணைவர்கள் உண்டு. கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் அச்சகத்தில், பழைய தமிழ் எழுத்துக்களுக்காகவே ஒரு கம்ப்யூட்டரைப் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

பழைய சாமானைக் கழற்றிப் பார்த்து ஓட்டுவது கோயமுத்தூருக்குப் புதிதா என்ன? ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, அதைக் கழற்றிப் பூட்டித் தொழில் கற்றுக்கொண்ட ஜி.டி.நாயுடுவின் ஊர் அல்லவா இது!

சரி, கீபோர்டுக்கு வருவோம்.

கீபோர்டு என்ன பேசுகிறது?

"அ" என்று தட்டினால் "அ" என்ற எழுத்துக் கம்பி வழியாகப் போகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். அது தவறு. கீபோர்டுக்கு எழுத்தே தெரியாது!

அதற்குத் தெரிந்தது எண்தான். ஒவ்வொரு கீக்கும் ஓர் எண் உண்டு. அழுத்தினால், "இந்த எண் அழுந்திற்று" என்று செய்தி போகும். விரலை எடுத்தால், "விட்டாயிற்று" என்று இன்னொரு செய்தி போகும். அந்த எண் எந்த எழுத்து என்று முடிவு செய்வது கம்ப்யூட்டர். ஆகவே, இரண்டுக்கும் ஒரே பாஷை தெரிந்திருக்க வேண்டும். பாஷை வேறானால் பேச்சு நின்றது.

இந்தச் சண்டை இன்று நேற்று வந்தது அல்ல. 1981 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதன் கீபோர்டில் 83 கீ. 5 ஊசி கொண்ட வட்டமான பிளக். பழைய ரேடியோவிலும் டேப் ரிக்கார்டரிலும் அதே மாதிரிப் பிளக் இருக்கும். அந்தக் கீபோர்டு தான் சொல்ல வேண்டியதைச் சொல்லும், கம்ப்யூட்டர் கேட்டுக்கொள்ளும். அவ்வளவுதான்.

1984-இல் அதே கம்பெனி 'ஏ.டி.' என்ற அடுத்த கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. இதில் கம்ப்யூட்டரும் திரும்பிப் பேசும். "அந்த விளக்கைப் போடு, இந்த விளக்கை அணை" என்று கீபோர்டுக்கு உத்தரவு போடும். பாஷையே மாறிவிட்டது. ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள். பிளக் மட்டும் மாறவில்லை! அதே 5 ஊசி. அதே வட்டம். பழைய கீபோர்டைப் புதுக் கம்ப்யூட்டரில் மாட்டினால் அழகாகப் பொருந்தும்; பேசாது. புதியதைப் பழையதில் மாட்டினாலும் அதே கதி.

அந்தக் காலத்தில் பல கம்பெனிகள் கீபோர்டின் அடியில் ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்து விற்றன. இந்தப் பக்கம் தள்ளினால் பழைய பாஷை. அந்தப் பக்கம் தள்ளினால் புதுப் பாஷை. ஸ்விட்ச் இருப்பது தெரியாமல் கீபோர்டைத் திட்டியவர்கள் எத்தனை பேரோ!

ஊதாவும் பச்சையும்

1987-இல் ஐ.பி.எம். பிளக்கைச் சிறியதாக்கியது. 6 ஊசி. பி.எஸ்.2 என்று பெயர். இந்தத் தடவை நேர்மாறான கதை. பிளக் மாறியது, பாஷை மாறவில்லை. ஆகவே பெரிய வட்டப் பிளக்குக்கும் சின்ன வட்டப் பிளக்குக்கும் நடுவில் ஒரு சாதாரண இணைப்பைப் போட்டாலே போதும். வேலை செய்யும்.

நம் ஊரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற பழைய கம்ப்யூட்டர்களில் இந்தச் சின்ன வட்ட வாய்தான் நிறைய. பின்பக்கம் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இரண்டு இருக்கும். ஊதா நிறம் கீபோர்டுக்கு. பச்சை நிறம் மவுசுக்கு. இரண்டும் அளவில் ஒன்றே. இருட்டு மூலையில் கை விட்டு மாட்டும்போது கீபோர்டைப் பச்சையில் மாட்டிவிடுவது சகஜம். புதுக் கீபோர்டு பேசவில்லை என்றால், முதலில் டார்ச் லைட் அடித்து அந்த நிறத்தைப் பாருங்கள்.

அப்படியே பிளக்கின் ஊசிகளையும் பாருங்கள். மயிரிழை ஊசிகள். திசை தெரியாமல் அழுத்தினால் ஒன்று மடங்கிவிடும். மெல்லிய இடுக்கியால் நிமிர்த்தலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த வட்டப் பிளக்கைக் கம்ப்யூட்டர் ஓடும்போது மாட்டவோ பிடுங்கவோ கூடாது! அது அதற்காகச் செய்யப்பட்டது அல்ல. உள்ளே இருக்கிற கடுகளவு பியூஸ் போய்விடக்கூடும். பியூஸ் போனால் அதன் பிறகு எந்தக் கீபோர்டை மாட்டினாலும் பேசாது. "நாலு கீபோர்டு மாற்றிப் பார்த்துவிட்டேன்" என்பவர்களில் சிலர், முதல் கீபோர்டை மாற்றும்போதே அந்தப் பியூஸை எரித்தவர்கள். கம்ப்யூட்டரை நிறுத்துங்கள். பிறகு மாட்டுங்கள். பிறகு போடுங்கள்.

துபாஷி இல்லாத பேச்சு

1996-இல் யூ.எஸ்.பி. வந்தது. தட்டையான பிளக். இன்று செல்போன் சார்ஜர் முதல் எல்லாவற்றிலும் பார்க்கிறோமே, அதுதான். ஓடும்போதே மாட்டலாம். பாஷை அடியோடு வேறு. இன்று கடையில் "கீபோர்டு" என்று கேட்டால், எடுத்துத் தருவது பெரும்பாலும் இதைத்தான்.

பழைய கம்ப்யூட்டரில் தட்டை வாய் இல்லை. வட்ட வாய்தான் இருக்கிறது. என்ன செய்வது? கடைக்காரர் ஒரு சின்ன இணைப்பைத் தருவார். ஒரு பக்கம் தட்டை. மறு பக்கம் வட்டம். கட்டை விரல் அளவு. மாட்டினால் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும்.

இதில்தான் மிகப் பல பேர் ஏமாறுகிறார்கள்.

அந்தச் சின்ன இணைப்புக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? வெறும் கம்பி! 4 கம்பி இந்தப் பக்கம். 4 கம்பி அந்தப் பக்கம். மின்சாரம் இரண்டிலும் 5 வோல்ட். அதனால் விளக்கு எரியலாம். ஆனால் பாஷையை மாற்றிச் சொல்ல உள்ளே யாரும் இல்லை. கீபோர்டுக்கே இரண்டு பாஷையும் தெரிந்திருந்தால்தான் அந்த இணைப்பு உதவும். ஒரு காலத்தில் வந்த கீபோர்டுகள் பலவற்றுக்கு இரண்டும் தெரியும். கம்ப்யூட்டர் எந்தப் பாஷை பேசுகிறது என்று பார்த்து அதற்கேற்றபடி பேசும். இப்போது வருகிற கீபோர்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு யூ.எஸ்.பி. பாஷை ஒன்றுதான் தெரியும். அதை வட்ட வாயில் மாட்டுவது, தமிழ் தெரியாதவரைச் சந்தைக்குத் தரகராக அனுப்புவது போல.

கம்பெனிக் காலத்தில் வெள்ளைக்காரனுக்கும் நம்மவருக்கும் நடுவே துபாஷி இருந்தார் அல்லவா? இங்கேயும் ஒரு துபாஷி வேண்டும். உள்ளே சிப் வைத்த 'கன்வர்ட்டர்' அந்த வேலையைச் செய்யும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கடைகளில் நிறையக் கிடைப்பது, பழைய வட்டக் கீபோர்டைப் புதுக் கம்ப்யூட்டரில் மாட்டுவதற்கான கன்வர்ட்டர். ஒரு தட்டைப் பிளக், அதிலிருந்து ஊதாவும் பச்சையுமாக இரண்டு வட்ட வாய் தொங்கும். நமக்கு வேண்டியது நேர் எதிர் திசை! அது ஒரு வழிப் பாதை. திருப்பி மாட்டி ஓட்ட முடியாது. எதிர் திசைக் கன்வர்ட்டர் அரிதாகத்தான் கிடைக்கும்.

இவ்வளவு தொல்லை எதற்கு? வட்டப் பிளக் கீபோர்டையே கேட்டு வாங்கிவிடலாம். இன்னும் விற்கிறார்கள். பழைய சாமான் கடைகளிலும் கிடைக்கும். அலைச்சல் இல்லாத வழி இதுதான்.

விளக்கைப் பாருங்கள்

வாங்கியாயிற்று, மாட்டியாயிற்று, இன்னும் பேசவில்லை. கோளாறு எந்தப் பக்கம்? இதைக் கண்டுபிடிக்க ஒரு பைசா செலவில்லாத வழி இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூடச் செய்து பார்க்கலாம்.

கீபோர்டின் வலது மூலையில் சின்ன விளக்குகள் இருக்கும். கம்ப்யூட்டரைப் போட்டவுடன் அவை ஒரு தடவை பளிச்சென்று மின்னுகின்றனவா? மின்னினால் மின்சாரம் வருகிறது. மின்னாவிட்டால் பிளக், பியூஸ், அல்லது கீபோர்டு ஆகிய மூன்றில் ஒன்று.

அடுத்து, 'நம் லாக்' என்ற கீயைத் தட்டுங்கள். விளக்கு எரிந்து அணைந்து மாறுகிறதா? மாறினால் பேச்சு நடக்கிறது என்று அர்த்தம். ஏனென்றால், அந்த விளக்கைப் போடுவது கீபோர்டு அல்ல. கம்ப்யூட்டர் உத்தரவு அனுப்பினால்தான் அது எரியும். விளக்கு மாறியும் எழுத்து விழவில்லை என்றால், கீபோர்டைக் குற்றம் சொல்லாதீர்கள். கோளாறு உள்ளே ஓடுகிற புரோகிராமில் இருக்கிறது.

பழைய கம்ப்யூட்டர்களுக்கு ஒரு நகைச்சுவை உணர்ச்சி உண்டு. கீபோர்டு தெரியாவிட்டால் திரையில் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டும்: "கீபோர்டு இல்லை. மேலே செல்ல எப்.1 கீயை அழுத்தவும்." இல்லாத கீபோர்டில் எப்படி அழுத்துவது? உலகம் முழுவதும் சிரித்த வாசகம் அது. ஆனால் அதிலும் ஒரு தகவல் இருக்கிறது. கம்ப்யூட்டர் கீபோர்டைத் தேடியது, கிடைக்கவில்லை. அதாவது, கோளாறு விண்டோசுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

மிகப் பழைய பெட்டிகள் சிலவற்றில் முன்பக்கம் ஒரு குட்டிப் பூட்டு இருக்கும். சாவி திருப்பிப் பூட்டினால் கீபோர்டு வேலை செய்யாது. யாரோ என்றைக்கோ பூட்டிவிட்டு மறந்திருப்பார்கள். அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

நாணயம் அளவு பாட்டரி

தட்டை வாய் இருக்கிற கம்ப்யூட்டர்களுக்கு வேறு ஒரு சங்கடம். புதுக் கீபோர்டை மாட்டுகிறீர்கள். விண்டோஸ் வந்த பிறகு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் கம்ப்யூட்டரைப் போட்டவுடன் வருகிற கருப்புத் திரையில் எந்தக் கீயும் ஏறவில்லை. எடைமேடைப் புரோகிராம் போல, டாஸ் என்கிற பழைய ஏற்பாட்டில் ஓடுகிற புரோகிராம்களிலும் ஏறவில்லை. என்ன மாயம்?

கம்ப்யூட்டர் கண் விழித்தவுடன் முதலில் ஓடுவது 'பயாஸ்' என்ற சின்னப் புரோகிராம். அதில் ஒரு வரி: 'யூ.எஸ்.பி. லெகசி சப்போர்ட்'. புதிய தட்டைக் கீபோர்டைப் பழைய கீபோர்டு போல நடிக்க வைப்பது அந்த வரியின் வேலை. அது 'வேண்டாம்' என்று இருந்தால், டாசுக்குக் கீபோர்டே தெரியாது.

அதை 'வேண்டும்' என்று மாற்ற வேண்டும். மாற்றுவதற்குக் கீபோர்டு வேண்டும். கீபோர்டு வேலை செய்ய அதை மாற்ற வேண்டும்! பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். ஒரு நாளைக்குப் பக்கத்துக் கடையில் வட்டப் பிளக் கீபோர்டு இரவல் வாங்குங்கள். அதை மாட்டி, அந்த வரியை மாற்றிச் சேமித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

"நேற்று வரை சரியாக இருந்ததே! நான் எதையும் தொடவில்லையே!" என்பார்கள். உண்மைதான். தொட்டது பாட்டரி. கம்ப்யூட்டரின் மதர்போர்டில் நாணயம் அளவில், 3 வோல்ட் பாட்டரி ஒன்று இருக்கிறது. கரண்ட் இல்லாதபோதும் தேதியையும் நேரத்தையும் காப்பாற்றுவது அதுதான். பல கம்ப்யூட்டர்களில் பயாஸ் வரிகளையும் அதுவே காக்கிறது. சில வருஷத்தில் அது தீர்ந்துபோகும். தீர்ந்தால், எல்லா வரிகளும் கம்பெனியில் செய்து அனுப்பிய நாளில் இருந்தபடி திரும்பிவிடும். சில கம்ப்யூட்டர்களில் அந்தப் பழைய நிலை என்பது 'வேண்டாம்'.

இதற்கு அடையாளம் உண்டு. தினமும் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் தேதி எத்தனையோ வருஷம் பின்னால் போயிருக்கும். ரசீதில் தேதி தப்பாக விழும். "தேதி தப்பாக இருந்தால் என்ன, எடை சரியாக இருக்கிறதே" என்று விட்டிருப்பார்கள். தேதி போன அதே வழியில்தான் ஒரு நாள் கீபோர்டும் போயிற்று! கைக்கடிகாரக் கடையில்கூட அந்தப் பாட்டரி கிடைக்கும். மாற்றிய பிறகு தேதியையும் அந்த வரியையும் ஒரு தடவை சரி செய்துவிட்டால் வேலை முடிந்தது. கம்ப்யூட்டரையே மாற்றச் சொன்ன இடத்தில், ஒரு சின்னப் பாட்டரி!

இன்னும் சில சிறு விஷயங்கள். முன்பக்கத்துத் தட்டை வாய்களுக்கு உள்ளே தனிக் கம்பி போகிறது, அது கழன்றிருக்கலாம். பின்பக்கத்து வாயில் மாட்டிப் பாருங்கள். உள்ளே நீல நிறமாக இருக்கிற வாயை விட்டுவிட்டுக் கருப்பு வாயில் முயலுங்கள். வானவில் போல விளக்கு எரிகிற விளையாட்டுக் கீபோர்டுகளைப் பழைய கம்ப்யூட்டருக்கு வாங்க வேண்டாம். அவை கேட்கிற மின்சாரமும் அதிகம், பேசுகிற பேச்சும் அதிகம். புளூடூத் கீபோர்டு, விண்டோஸ் வந்த பிறகே கண் திறக்கும். கருப்புத் திரையில் அதை நம்பிப் பயனில்லை. விண்டோஸ் 95-ன் முதல் பதிப்புக்கு யூ.எஸ்.பி. தெரியாது, விண்டோஸ் 98-க்குத் தெரியும்.

மகன் படித்த லேப்டாப்

2011-இல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அப்படி வந்த லேப்டாப்புகள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. பிள்ளை படித்து வேலைக்குப் போயிருப்பான். லேப்டாப் வீட்டில் இருக்கும். நாலு கீ வேலை செய்யாது.

லேப்டாப் கீபோர்டு மாற்றுவது தனிக் கலை. கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கீபோர்டுகளில் அடியிலுள்ள பட்டைக் கம்பி வேறு வேறு இடத்தில் இருக்கும். ஆகவே லேப்டாப்பின் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். பழைய கீபோர்டைக் கழற்றி, அதன் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைக் காட்டி வாங்குங்கள். மாட்டிய பிறகு சில கீ மட்டும் பேசவில்லை என்றால் பதறாதீர்கள். பட்டைக் கம்பி ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். அதைப் பிடித்திருக்கும் குட்டித் தாழ்ப்பாளைத் தூக்கி, கம்பியை நேராக உள்ளே தள்ளி, மறுபடி தாழ்ப்பாளைப் போட்டால் சரியாகும்.

கழற்ற மனமில்லையா? தட்டைப் பிளக் கீபோர்டு ஒன்றை வெளியே மாட்டிக்கொள்ளுங்கள். அழகு குறைவு, காரியம் நடக்கும். அப்போது ஒரு வேடிக்கை நடக்கலாம். லேப்டாப்பின் சொந்தக் கீயில் யூ, ஐ, ஓ என்று தட்டினால் 4, 5, 6 என்று விழும்! பேய் பிசாசு எதுவும் இல்லை. 'நம் லாக்' போட்டிருக்கிறது. அதை அணைத்தால் எழுத்து திரும்பி வரும்.

குழந்தைகள் இருக்கிற வீட்டில் இன்னொன்று. வலது பக்கத்து 'ஷிப்ட்' கீயை 8 வினாடி விடாமல் அழுத்தினால், விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கும். குழந்தை "ஆம்" என்று தட்டிவிட்டால் போச்சு! அதன் பிறகு, சாதாரணமாகத் தட்டுகிற தட்டு எதுவும் ஏறாது. நீண்ட நேரம் அழுத்தினால்தான் ஏறும். கை நடுங்குகிறவர்களுக்காகச் செய்த நல்ல ஏற்பாடு அது. தெரியாதவர்களுக்கோ, கீபோர்டு செத்துப்போன மாதிரி இருக்கும். மறுபடியும் அதே கீயை 8 வினாடி அழுத்தினால் பழையபடி ஆகிவிடும்.

தமிழ் எங்கே போயிற்று?

அச்சகங்களில் கேட்கிற புகார் வேறு. "புதுக் கீபோர்டில் இங்கிலீஷ் வருகிறது. தமிழ் வரவில்லை. தமிழ்க் கீபோர்டு கிடைக்குமா?"

முன்னே சொன்னதை நினைத்துப் பாருங்கள். கீபோர்டுக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். பழைய கீபோர்டில் தமிழ் எழுத்து ஒட்டியிருந்ததே என்றால், அது உங்கள் கண்ணுக்காக ஒட்டியது. எழுத்தைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கிற தமிழ்ப் புரோகிராம். கீபோர்டை மாற்றினதால் தமிழ் போகாது.

ஆனால் எந்தக் கீயில் எந்த எழுத்து என்பதில் ஒரே முறை இல்லை. டைப்ரைட்டர் பழகியவர்களுக்கு ஒரு முறை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பின் வந்த 'தமிழ் 99' இன்னொரு முறை. இதில் உயிரெழுத்து இடது கைக்கு, மெய்யெழுத்து வலது கைக்கு. ஆங்கில 'எச்' கீயைத் தட்டினால் 'க' விழும். உச்சரிப்பைப் பார்த்துத் தட்டுகிற முறை வேறு ஒன்று. அதில் 'கே' கீயைத் தட்ட வேண்டும். விரல் ஒரு முறையிலும் புரோகிராம் இன்னொரு முறையிலும் இருந்தால், திரையில் விழுவது தமிழாக இருக்கும். ஆனால் அர்த்தம் இருக்காது. முறையைப் புரோகிராமில் மாற்றுங்கள். கீபோர்டை மாற்ற வேண்டாம்.

இந்தக் குழப்பம் நம் கோயமுத்தூர் வரைக்கும் வந்தது. 2010 ஜூன் 23 முதல் 27 வரை இங்கே உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. தமிழ் இணைய மாநாடும் அதோடு சேர்ந்தே நடந்தது. அந்தச் சமயத்தில்தான் தமிழ்நாடு அரசு 'ஒருங்குறி' முறையை ஏற்றுக்கொள்ளும் ஆணையை வெளியிட்டது. எந்தக் கம்ப்யூட்டரில் தட்டினாலும் 'க' என்பது எல்லாக் கம்ப்யூட்டரிலும் 'க'வாகவே தெரிய வேண்டும் என்பது அதன் நோக்கம். அதற்கு முந்திய எழுத்துருக்களில் வேலை செய்கிற அச்சகங்கள் அந்தப் பழைய கம்ப்யூட்டரை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணமும் இதுவே. பல வருஷத்துப் பத்திரிகை மாதிரிகள் அந்தப் பழைய எழுத்துருவில் கிடக்கின்றன. புதுக் கம்ப்யூட்டரில் திறந்தால், மணமகன் பெயர் இருக்கிற இடத்தில் ஏதேதோ கிறுக்கல் தெரியும். முகூர்த்த மாதத்தில் அந்த விளையாட்டுக்கு யாருக்கு நேரம்?

கடைக்குப் போகும் முன்

பழைய கீபோர்டு போயிற்று என்று கோபத்தில் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதன் பிளக்கைக் கடைக்காரருக்குக் காட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும். கம்ப்யூட்டரின் முதுகைச் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது. "இந்த வாய்க்குப் பொருந்துகிற கீபோர்டு கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். பொருந்தும், பேசாது! "வட்டப் பிளக்கே வேண்டும், நடுவில் இணைப்பு வேண்டாம்" என்று கேளுங்கள்.

பழைய சாமான் கடையில் வாங்கினால், அங்கேயே ஒரு கம்ப்யூட்டரில் மாட்டச் சொல்லி எல்லாக் கீயையும் ஒரு தடவை தட்டிப் பாருங்கள். வலது பக்கத்து எண் வரிசையையும் விடாதீர்கள். கணக்கு எழுதுகிறவர்களும் எடை போடுகிறவர்களும் அதைத்தான் அதிகம் தட்டித் தேய்ப்பார்கள். முடிந்தால் இரண்டாக வாங்குங்கள். ஒன்றை மாட்டுங்கள். இன்னொன்றை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, எலி ஏறாத இடமாகப் பார்த்து வையுங்கள். கீபோர்டு கேபிளைக் கடிப்பதில் எலிக்கு, வட்டப் பிளக், தட்டைப் பிளக் என்ற பேதமே கிடையாது.